நாற்பத்து மூன்று டிகிரி

சிறுநீரில் ரத்தம் வந்தால் எல்லோரும் டாக்டரிடம் போய், "சிவப்பா வந்தது" என்று சொல்வார்கள். நான், "ரத்தச் சிவப்பு இல்ல டாக்டர். மாதுளை ஜூஸ்ல கொஞ்சம் டிகாஷன் கலந்தா மாதிரி. ஓரத்துல பழுப்பு அடிச்சுது" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த என் மனைவி எஸ்தர், "அவரு கலர் பாக்கற வேலையில இருக்கார் டாக்டர். வீட்ல சாம்பாரைக்கூட இப்படித்தான் சொல்வார்" என்றாள், எனக்காக மன்னிப்புக் கேட்கும் குரலில்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நிறம் பொருத்துகிறவன் நான். ஷூ செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் உள்ளங்கை அளவுத் தோல் துண்டு ஒன்றை அனுப்புவார்கள். அதே நிறம் வரும்வரை சாயத்தைக் கூட்டிக் குறைத்து, வெயிலிலும் ட்யூப் லைட்டிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பது என் வேலை. பெயர் தேவசகாயம்; தேவா என்றால்தான் கம்பெனியில் தெரியும். இப்போது உடம்பு சரியாக இருக்கிறது. ஆனால் ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு என்னை மிஷினில் வைத்து வேகவைத்தார்கள் என்றும், பாதி வெந்த நிலையில் நான் எழுந்து ஓடிவிட்டேன் என்றும் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதால், நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

முதல் நாள் அந்த நிறத்தைப் பார்த்தபோது பீட்ரூட் பொரியல்மேல் பழியைப் போட்டேன். மறுநாளும் அதே நிறம். எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நேத்து பீட்ரூட் செய்யல. முந்தாநாளும் செய்யல. நீங்க சாப்ட்டது போன வாரம்" என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே என்னை வேலூருக்கு அழைத்துப் போனாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. வேலூரில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை.

ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் ஏதோ வளர்ந்திருப்பது தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வரும் பாதை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு அதைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொன்னவர் டாக்டர் ஹேமலதா. எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும் என்று எஸ்தர் சொன்னாள். எங்களுக்குப் பெண்ணே கிடையாது. பயத்தில் அவள் அப்படிப் பேசுவாள்.

"புற்றுநோய்தான் சார். ஆனா பையோட உள்பக்கத் தோல்ல மட்டும்தான் இருக்கு, தசைக்குள்ள இறங்கல. அது நல்ல சேதி" என்றார் டாக்டர்.

"எதனால வந்திருக்கும்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"சிகரெட் குடிச்சிருக்கீங்களா?"

"விட்டு ரொம்ப நாளாச்சு" என்றேன்.

"சாயத்தோட வேலை பாக்கறீங்க. அந்தக் காலத்துச் சாயம் சிலதுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கு. உங்களுக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதை விட்டுட்டு இனிமே பண்ண வேண்டியதைப் பாப்போம்."

முதலில் கொடுத்த வைத்தியம், குழந்தைகளுக்குக் கையில் போடுகிற காசநோய்த் தடுப்பு மருந்து. அதைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். அதைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி கோபத்தோடு அங்கே ஓடிவரும், வந்த இடத்தில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களையும் அடித்துவிட்டுப் போகும் என்பது கணக்கு. மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் படவேண்டும் என்பதால் இடம், வலம், குப்புற, மல்லாக்க என்று புரளவும் வேண்டும். எஸ்தர் பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் கட்டில் பக்கத்தில் நின்று, "டைம் ஆச்சு, திரும்புங்க" என்பாள். பக்கத்துக் கட்டிலில் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதே மருந்தோடு படுத்திருந்தார். தமிழ் தெரியாது. எஸ்தர் குரலுக்கு அவரும் திரும்பப் பழகிவிட்டார்.

அவருக்கு அந்த மருந்து கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. காமிரா விட்டுப் பார்த்தபோது மறுபடி இரண்டு இடத்தில் முளைத்திருந்தது. மறுபடி சுரண்டினார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் ஹேமலதா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, சிறுநீர்ப்பையையே எடுத்துடறது. அப்புறம் வயித்துல ஒரு வாசல் வெச்சு, வெளிய ஒரு பை ஒட்டிக்கணும். அதோட நல்லா வாழறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ரெண்டாவது, இன்னும் ஒரு மருந்து முயற்சி பண்ணலாம். ஆனா அது வேலை செய்யலைன்னா முதல் வழிக்குத்தான் வரணும். தள்ளிப்போட முடியாது."

"எடுத்துடுங்க" என்றாள் எஸ்தர்.

"மருந்து" என்றேன் நான், அதே நேரத்தில்.

டாக்டர் இருவரையும் பார்த்தார். எஸ்தர் என் பக்கம் திரும்பி, "வெளிய பை இருந்தா இன்னா இப்ப? ஆள் இருந்தா போதாதா?" என்றாள். கம்பெனிக்கு வேட்டி கட்டிப் போக முடியுமா, சர்ச்சில் பாட்டுக்கு நடுவில் பை சத்தம் போடுமா என்றெல்லாம் மனது ஓடியது. சாவைவிட அதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

இரண்டாவது மருந்தின் விசேஷம், அதைச் சூடாக்கித் தருவது. நாற்பத்து மூன்று டிகிரிக்குச் சூடேற்றிய மருந்து ஒரு மணி நேரம் சிறுநீர்ப்பைக்குள் போய்ப் போய் வரும். வாரம் ஒன்றாக ஆறு தடவை. சூட்டில் மருந்து ஆழமாக இறங்கும் என்பது ஒரு லாபம். இன்னொன்றை டாக்டர் இப்படிச் சொன்னார்:

"லாங் பஜார்ல சனிக்கிழமைக் கூட்டம்னு வெச்சுக்குங்க. அதுல ஒரு திருடன் இருக்கான். எல்லாரையும் மாதிரிதான் சட்டை போட்டிருக்கான், திருடின செயினை உள்ள மறைச்சிருக்கான். போலீஸ் பக்கத்துலயே நடந்து போறாரு, ஆனா கண்டுபிடிக்க முடியல. புற்றுச் செல் அப்படித்தான், எதிர்ப்புச் செல்லோட கண்ணுல படாம இருக்கும். இப்ப வெயிலை ஏத்தறோம். திருடனுக்குத் தாங்கல. மேல் பட்டனைக் கழட்டறான். செயின் தெரிஞ்சிடுது."

"போலீஸ் புடிச்சிடறாரு" என்றேன்.

"பிடிக்க வசதியாகுது. சூடு தாங்காம அந்தச் செல்லு சில புரதங்களை மேல் சுவருக்குக் கொண்டு வருது. எதிர்ப்புச் செல் அதைப் பார்த்து அடையாளம் கண்டுக்குது. ஆராய்ச்சிகள்ல அப்படித்தான் பாத்திருக்காங்க. மனுஷ உடம்புல எவ்வளவு தூரம் உதவுதுன்னு இன்னும் ஆராய்ஞ்சுட்டுதான் இருக்காங்க. அதனால நான் சத்தியம் பண்ணித் தர முடியாது."

இந்த விளக்கத்தை நான் வீட்டுக்கு வந்து ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

எஸ்தரின் தம்பி ஆல்பர்ட், ராணிப்பேட்டையில் ஏசி மெக்கானிக். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவன்தான் முன்னால் நிற்பான். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியது, பில் வரிசையில் நின்றது, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து அதில் பாதியை அவனே சாப்பிட்டது எல்லாம் அவன்தான். லாங் பஜார் கதையைக் கேட்டதும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"மாமா, நாப்பத்தி மூணு டிகிரி வேலூர் வெயில்லயே வருதே. அப்புறம் எதுக்கு மிஷின்?"

நானும் இதையே டாக்டரிடம் கேட்டிருந்தேன். "வெயில் தோலோட நின்னுடும் சார். உள்ள ஏறக் கூடாதுன்னுதான் உடம்பு வேர்க்குது" என்று அவர் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப வேர்வைதான் பேஜாரு" என்றான் ஆல்பர்ட். எதையோ கண்டுபிடித்தவனின் முகம் அது.

சூட்டு மருந்தின் முதல் தடவை ஒழுங்காக நடந்தது. மிஷின் நான் நினைத்ததுபோல் பெரிதாக இல்லை. கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் எண்கள். மருந்தின் நிறம் கத்தரிப்பூவில் நீலம் தூக்கலாக இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது எஸ்தர் முறைத்தாள். குழாய் வழியாக அது உள்ளே போனதும், உடனே பாத்ரூமுக்கு ஓடவேண்டும் என்று தோன்றும். ஓட முடியாது, குழாயோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த சிஸ்டர், "வேற ஏதாவது நினைங்க சார்" என்றார். வேறு என்ன நினைத்தாலும் அதில் தண்ணீர் வந்தது. பாலாறு, குழாயடி, கம்பெனியில் தோல் அலசுகிற தொட்டி. கடைசியில் எங்கள் பாலாற்றில் தண்ணீர் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அதற்குள் வீட்டில் ஆல்பர்ட்டின் வைத்தியம் தொடங்கியிருந்தது. காலையில் கொள்ளு ரசம். மதியம் மிளகுக் குழம்பு. என் ஃபேனைக் கழற்றிவிட்டான், சர்வீஸ் செய்ய வேண்டும் என்று. எங்கள் படுக்கையறை ஏசியில் கேஸ் கம்மி என்று சொல்லி அதையும் நிறுத்தினான். வாழ்நாள் முழுக்க ஊராரைக் குளிர வைத்தே சம்பாதித்தவன், என் ஒருவனுக்காகத் தொழிலுக்கே விரோதமாகப் போனான். எஸ்தருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சூட்டில் வேர்த்து வழிந்தபடி, "எனக்கு இதுதான் நல்லா இருக்கு" என்று நானே சொன்னேன். ஆல்பர்ட்டை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஆறு தடவை சூடு நல்லது என்றால் அறுபது தடவை இன்னும் நல்லது என்று எனக்கும் உள்ளே ஒரு கணக்கு ஓடியது. பையை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

இரண்டாவது தடவையும் முடிந்தது. மூன்றாவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் எஸ்தர் பெண்கள் கூட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டாள். ஆல்பர்ட் என்னை வேனில் ஏற்றி நேராக எங்கள் கம்பெனிக்கு ஓட்டினான்.

கம்பெனியில் ஈரத் தோலை இழுத்து, ஓரமெல்லாம் கிளிப் மாட்டி, சட்டத்தில் நிறுத்திக் காயவைக்கிற ஒரு சூட்டு அறை உண்டு. அதை ட்ரையர் என்போம். அதற்குப் பொறுப்பு பஷீர் பாய், என் பழைய தோஸ்த். அன்று மோட்டார் ரிப்பேர் பார்த்து ஓடவிட்டிருந்தார். ஆல்பர்ட் விஷயத்தைச் சொன்னதும் பஷீர் பாய் என்னைப் பார்த்தார்.

"தேவா, இது தோலு காயற எடம். ஆளு காயற எடம் இல்ல."

"கொஞ்ச நேரம்தான் பாய்."

"உள்ள போற தோலுக்கு உயிர் இல்ல. உனுக்கு இருக்குது. அது ஒரு வித்தியாசம் இல்லியா?"

"பாய், பையை வெளிய ஒட்டிக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?" என்றேன். நான் கேட்ட விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கதவைத் திறந்தார்.

லுங்கியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு பக்கமும் விறைப்பாக நின்ற மாட்டுத் தோல்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஏசி வேலைக்கு வைத்திருக்கும் வெப்பமானியை ஆல்பர்ட் கையில் பிடித்துக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சுகமாகக்கூட இருந்தது. அந்தத் திருடன் மேல் பட்டனைக் கழற்றுவதைக் கற்பனை செய்தேன். பிறகு என் கண்ணுக்குள் வேர்வை வழிந்தது. பிறகு வேர்வை நின்றுவிட்டது. அது நல்லதற்கு என்று நினைத்தேன். எதிரே இருந்த தோல் அழகான கன்றுக்குட்டிப் பழுப்பு. அதற்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கவேண்டும் என்று ஆல்பர்ட்டிடம் சொல்ல எழுந்தேன்.

அதற்கு மேல் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் விழுந்ததும் பஷீர் பாய் ஓடிவந்து கைகளைப் பிடித்தார், ஆல்பர்ட் கால்களைப் பிடித்தான். தோல் அடுக்கித் தள்ளுகிற வண்டியில் என்னைப் போட்டு வெளியே தள்ளினார்கள். ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தார்கள். வாட்ச்மேன் ஓடிவந்து, புதுத் தோல் லாட் வந்திருக்கிறது, கணக்கில் ஏற்றவேண்டுமா என்று கேட்டாராம். வேனில் ஏசியை முழுக்க வைத்து, முகத்தில் ஈரத் துணியைப் போட்டு, ஹைவேயில் வேலூருக்குப் பறந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டும்போது நான் கண்ணைத் திறந்து, "குளிருதுடா" என்றேன். ஆல்பர்ட் அழுதுகொண்டே ஓட்டினான். பஷீர் பாய்தான் எஸ்தருக்கு போன் செய்தார். ஒரே கேள்வி கேட்டாளாம்: "மூச்சு இருக்கா?" இருக்கிறது என்றதும் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள். கிட்னி சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் அளவு அது. தண்ணீர் வற்றியதில் அது ஏறியிருந்தது. அது இறங்கும்வரை மூன்றாவது தடவைச் சூட்டு மருந்து கிடையாது என்றார்கள். மறுநாள் டாக்டர் ஹேமலதா வந்தார். ஆல்பர்ட் கட்டிலுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

"யார் இந்த யோசனை சொன்னது?"

"நான்தான் மேடம்" என்றான் ஆல்பர்ட்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஏசி மெக்கானிக் மேடம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அதை வெகுநேரம் துடைத்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. மறுபடி கண்ணாடியைப் போட்டபோது முகம் கண்டிப்பாகிவிட்டது.

"லாங் பஜார் கதையில பாதிதான் சொல்லியிருந்தேன். மிச்சத்தையும் கேட்டுக்குங்க. வெயில் அளவா ஏறினா திருடன் பட்டனைக் கழட்டுவான். ரொம்ப ஏறிச்சுன்னா போலீஸ்காரரும் தொப்பியைக் கழட்டிட்டு மோர்ப் பந்தலுக்குப் போய்டுவார். எதிர்ப்புச் செல்லுக்கும் சூடு தாங்காது. நேத்து உங்க உடம்புல போலீஸ் ஸ்டேஷனே காலி."

"அப்ப திருடன்?" என்றேன்.

"அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. சூட்டுல சாகாம தப்பிச்சான்னா, அதே புரதத்தை உள்ள கவசமா வெச்சுக்குவான். கொஞ்ச நாளைக்கு அடுத்த சூடு அவனை ஒண்ணும் பண்ணாது. அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை, நாற்பத்து மூணு, ஒரு மணி நேரம், அந்த ஒரு இடம். தினம் தினம் சூடு போட்டா நல்லதுன்னா நாங்க போட மாட்டமா சார்?"

"அரைகுறையா சுட்டா கெட்டியாய்டுவான்" என்றான் ஆல்பர்ட் மெதுவாக.

"அதேதான். உங்க நல்ல நேரம், ட்ரையர் சூடு சிறுநீர்ப்பை வரைக்கும் போயிருக்காது. நிக்கற வரைக்கும் வேர்வை தடுத்திருக்கும். கிட்னிதான் அடி வாங்கிருக்கு." கதவருகே போய்த் திரும்பினார். "வீட்டு ஏசியை ரிப்பேர் பண்ணிக் குடுங்க. இன்னிக்கே."

ஆல்பர்ட் அப்போதே கிளம்பிவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை என்பதும் ஒரு காரணம். எஸ்தர் கஞ்சி கொடுத்தாள், முகம் துடைத்தாள், போர்வையைச் சரி செய்தாள். கூஜாவைக் கழுவிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பைக்குப் பயந்தீங்க" என்றாள். "சரி. நான் எதுக்குப் பயந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. மருந்து நேரம், பஸ் நேரம், ரிசல்ட் வரும் நேரம் எல்லாம் அவளிடம் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

"எதுக்கு?"

"ஸ்கூல் விட்டு வந்தா கதவை நானே தொறக்கணும். அதுக்குத்தான்" என்றாள்.

காலை ஷிப்ட் முடித்து அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறவன் நான். கேட் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன். பேப்பர் படிக்கிற சுகத்தைக் கெடுக்கிற வேலை என்று பல நாள் முணுமுணுத்தும் இருக்கிறேன். டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையை அவள் பக்கம் நீட்டினேன். "அசைக்காதீங்க, வீங்கிடும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையின் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"இது கேக்கலைன்னா பையை வெச்சுக்கறேன்" என்றேன். "தகராறு பண்ண மாட்டேன்."

"எழுதிக் குடுங்க" என்றாள் கணக்கு டீச்சர். ஆனால் காகிதம் எடுக்கவில்லை.

மறுநாள் பஷீர் பாய் பிரியாணியோடு வந்தார். எனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்ததும், எஸ்தரிடம் கொடுத்து, "நீங்க சாப்டுங்க டீச்சர். நான் எதிர்ல உக்காந்து திட்டு வாங்கிக்கறேன்" என்றார். அவள் கத்தரிக்காய்த் தொக்கை எல்லாம் தனியாக ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். பாய் திட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கிரியாட்டினின் இறங்கியது. மிச்சம் நான்கு தடவையும் டாக்டர் சொன்னபடி, சொன்ன சூட்டில், சொன்ன இடத்தில் மட்டும் நடந்தது. எரிச்சல் இருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் தடிப்பு வந்தது. மருந்தின் வேலைதான், பயமில்லை என்றார்கள். வீட்டில் ஆல்பர்ட் ஏசியில் வைத்த குளிருக்கு நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜாஸ்தியாக இருக்கிறது, குறையேன் என்று சொன்னால், "டாக்டரைக் கேட்டுட்டுக் கொறைக்கறேன் மாமா" என்பான். எல்லாவற்றுக்கும் டாக்டரைக் கேட்பது என்று சத்தியம் செய்திருந்தான். மோர் குடிக்கலாமா என்று ஒரு தடவை டாக்டருக்கே போன் போட்டுவிட்டான்.

மருந்து கேட்டதா என்று காமிரா விட்டுப் பார்க்கும் நாள் வந்தது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். நெமிலியிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, முதல் தடவை வந்தவர், "வலிக்குமாங்க?" என்று என்னிடம் கேட்டார். "வலி இல்ல, வெக்கம்தான் ஜாஸ்தி. அதுவும் பழகிடும்" என்றேன். பழைய ஆள்போல் பேசியது எனக்கே வேடிக்கையாக இருந்தது. என் உள்ளங்கை வேர்த்திருந்ததை அவர் பார்க்கவில்லை. எஸ்தர் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே ஜெல் தடவி மரத்துப்போகச் செய்து, காமிராக் குழாயை விட்டார்கள். டிவியில் நானும் பார்க்கலாம். டாக்டர் ஹேமலதா காமிராவை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முன்பு முளைத்திருந்த இடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நொடியும் நான் மனதுக்குள் பையை ஒட்டிக்கொண்டேன், கழற்றினேன், மறுபடி ஒட்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார். "வடு மட்டும்தான் தெரியுது. சிறுநீர்ல புற்றுச் செல் இருக்கான்னு பாத்த ரிப்போர்ட்டும் சுத்தம்."

"குணமாய்டுச்சா?"

"இன்னிக்கு நோய் இல்லை. அவ்வளவுதான் நான் சொல்லுவேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், வருஷக்கணக்கா. ஆனா இன்னிக்கு இல்லை."

"சூடு வேலை செஞ்சுதா, மருந்தா, போலீஸா?"

"மூணும்னு நினைக்கறேன். யார் எவ்வளவுன்னு தெரியாது" என்று சிரித்தார்.

வெளியே வந்து எஸ்தரிடம் சொன்னேன். "சரி" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். நெமிலிக்காரரிடம், "நல்லபடியா ஆகும், பயப்படாதீங்க" என்று சொன்னாள். படி இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, கிளம்பத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஏறினேன். ஆல்பர்ட்டுக்கும் பஷீர் பாய்க்கும் போன் செய்தேன். ஆல்பர்ட் போனிலேயே அழுதான். பஷீர் பாய் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, வாட்ச்மேனும் விசாரித்ததாகச் சொன்னார். பேசி முடித்தபோது பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. எதிரே மலை. நாங்கள் போகிற வழியில் இப்படி மலை வராதே என்று எனக்குத் தோன்றியபோது கண்டக்டர் வந்து நின்றார்.

"ஆம்பூர் ரெண்டு" என்றாள் எஸ்தர்.

"இது ஒடுகத்தூர் வண்டிம்மா. போர்டு பாக்கலியா? அடுத்த ஸ்டாப்ல எறங்கி மாறிக்குங்க."

மூன்று பேரிடம் கேட்காமல் எந்த பஸ்ஸிலும் ஏறாதவள் அவள். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது, உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"ஒடுகத்தூர்ல நமக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல."

"வண்டி திரும்பி வருமில்ல?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"வரும்மா. சாயங்காலம் வரைக்கும் வண்டி இருக்குது."

"அப்ப ஒடுகத்தூருக்கே ரெண்டு குடுங்க" என்று சொல்லிவிட்டு, காற்று நன்றாக வரட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டாள்.